நான்காவது அண்டா

நவம்பர் 3, திங்கள்

மோட்டார் ரிப்பேர். இதோ வருகிறேன் என்ற பிளம்பர் வரவில்லை. கொல்லைக் கிணற்றிலிருந்து நான் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தபோது வேதவல்லி அக்கா வந்தாள், கையில் மகள் சுடர்விழியின் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு. முப்பதாம் தேதி ஞாயிறு, மன்னார்குடியிலேயே மண்டபம், ஒன்பதரை முதல் பத்தரை வரை முகூர்த்தம். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாததைக் காபி குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள். சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையதாம்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இதே சுடர்விழியின் மஞ்சள் நீராட்டுக்கு எத்தனை இலை என்று கணக்குப் போட்டவன் நான்தான். இருநூறு என்றேன். முந்நூற்று நாற்பது பேர் வந்தார்கள். அத்தானின் பெரியம்மா வீட்டார் வெறும் இலை முன்னால் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். வாசலில் நின்று அக்கா ஒவ்வொருவரிடமும் கை கூப்பிக் கெஞ்சியதைச் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றிலிருந்து அத்தான் வீட்டில் சட்னி பற்றாவிட்டால்கூட ‘தில்லை கணக்கு’ என்றுதான் சொல்வார்கள். தில்லைநாயகம் என்று அழகாக வைத்த பெயர் இப்படிப் பற்றாக்குறைக்கு ஆகிவிட்டது.

அத்தானுக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லையாம். அக்காதான் பிடிவாதமாக நின்றிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். “அன்னிக்கு எல்லாரும் உன்னைப் பேசினாங்க. நானும் பேசினேன். எனக்கு அது ஆறலடா” என்றாள்.

இந்தத் தடவையும் குறைந்தால் பேச்சு எனக்கு மட்டும் விழாது. தம்பியை நம்பிய அக்காவுக்கும் விழும். சரி என்றுவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பிளம்பர் வந்தான். மோட்டார் ஓடுகிறது. பத்திரிகைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வட்டாரப் புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து, மே மாதம்தான் ஓய்வு பெற்றேன். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து, அந்தச் சதுரத்தை மட்டும் அறுத்து, நெல்லை எடை போட்டு, வட்டாரம் முழுவதும் என்ன விளையும் என்று சொல்வோம். வயலையே அளந்தவனுக்குக் கல்யாணக் கூட்டம் எம்மாத்திரம்? அன்றைக்கு அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். இந்த முறை முறைப்படி போடுகிறேன்.

நானூற்றுப் பன்னிரண்டு பத்திரிகை. உள்ளூர், வெளியூர், அலுவலகம், பங்காளிகள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் என்று ஐந்தாகப் பிரித்தேன். மாப்பிள்ளை வீட்டாரையும் சேர்த்து விடை எழுநூற்று முப்பத்தெட்டு.

நவம்பர் 5, புதன்

சமையல் ஒப்பந்தம் எடுத்திருப்பது புதுத்தெருவில் ஓர் அம்மாள். இந்திராணி என்று பெயர். கணவர்தான் சமையல் மாஸ்டராக இருந்தாராம். அவர் போய் ஐந்து வருஷமாக இந்த அம்மாளே எடுத்து நடத்துகிறாள். போனபோது கூடத்தில் முறம் முறமாகப் புளியைக் கொட்டிக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்கள்.

என் தாளை நீட்டினேன். ஐந்து வகை, ஒவ்வொன்றுக்கும் சதவீதம், கீழே சிவப்பு மையில் கோடிட்ட கூட்டுத்தொகை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டாள்: “எழுநூத்து முப்பது சரி. அந்த எட்டுப் பேரு யாரு சார்?”

புளி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் குனிந்துகொண்டார்கள். குலுங்குகிற முதுகுகளை வைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. ரொம்ப வாய்த்துடுக்கான அம்மாள். காபி மட்டும் நன்றாக இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

பாயசம் பருப்பிலா சேமியாவிலா என்று ஒரு சந்தேகம் வந்தது. போனில் கேட்கலாம்தான், ஆனால் இதெல்லாம் நேரில் பேசுகிற விஷயம். போய் வந்தேன். பருப்பு.

நவம்பர் 11, செவ்வாய்

வாழை இலை விஷயமாகப் போய் வந்தேன். முடி வெட்டிக்கொண்டேன்.

நவம்பர் 13, வியாழன்

இன்று நன்றாக மூக்குடைபட்டேன்.

அப்பள விஷயமாகப் போயிருந்தேன். இந்திராணி அம்மாள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். நம் கல்யாணத்துக்கென்று ஒரு பக்கம். அக்கா போன் செய்து எண்ணூற்றைம்பது என்றிருக்கிறாள். அத்தான் போன் செய்து தொள்ளாயிரத்தைம்பது. பட்டுக்கோட்டை சம்பந்தி என்னிடம் அவர்கள் பக்கம் இருநூற்றைம்பது என்றவர், இங்கே நானூறு என்றிருக்கிறார். கல்யாணப் பெண்ணே போன் செய்து, வீணாகப் போகும், ஐந்நூறுக்கு மேல் ஒரு பருக்கை வேண்டாம் என்றிருக்கிறாள். நால்வருமே கடைசியில் ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். தில்லைக்குத் தெரிய வேண்டாம்.

நம்பிப் பொறுப்பைக் கொடுத்த அக்காவுமா! எழுந்து போய்விடலாமென்று செருப்பைத் தேடினேன். அந்த அம்மாள் அமைதியாக, இதில் என் நிஜமான கணக்கு எது என்று கேட்டார். எழுநூற்று முப்பத்தெட்டுதான் என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அறுநூற்றுத் தொண்ணூறு என்று ஒப்புக்கொண்டேன். பயத்தில் நாற்பத்தெட்டை நானே சேர்த்திருந்தேன்.

கேலி செய்யவில்லை. எல்லாக் கல்யாணத்திலும் இப்படித்தான், ஆளுக்கொரு பயத்தைக் கொண்டுவந்து என் அடுப்பில் வைக்கிறார்கள் என்றார். பிறகு சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: “எத்தனை பேர் வருவாங்கன்னு இன்னிக்கு யாருக்கும் தெரியாது சார். தெரிஞ்ச மாதிரி ஏன் சொல்லணும்? எதை எப்ப முடிவு பண்ணணும்னு மட்டும் பாப்போம். லட்டு மிஞ்சினா கெடாது, அதை ரெண்டு நாள் முந்தியே தாராளமா புடிச்சிடலாம். நறுக்காத காயைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவான். சோறு நாப்பது நிமிஷம். அப்பளம் பத்தே நிமிஷம். சோத்துக்கு இன்னிக்கே எதுக்கு நம்பர்?”

முன்பெல்லாம் அவர் கணவர் மண்டபத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்து, எத்தனை அண்டா என்று சொல்லி அனுப்புவாராம். ஓர் அண்டா இருநூறு பேருக்கு. இப்போது அடுப்படியை விட்டுவிட்டு இவரால் வெளியே வர முடிவதில்லை. அதனால் வீட்டார் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புகிறார்கள். ஒரே ஓர் ஆள் நிற்க வேண்டும், அந்த ஆள் சொல்வதை மட்டும்தான் கேட்பேன் என்றார்.

நான் நிற்கிறேன் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

அக்காவிடம் எண்ணூற்றைம்பதைப் பற்றிக் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. அரைமணி கழித்து வாழைப்பூ வடை கொடுத்தனுப்பினாள்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. காயப்போட்ட வேட்டி மூன்று நாளாக ஈரம். புதுத்தெருவில் முழங்கால் தண்ணீர் என்றார்கள். அவ்வளவெல்லாம் இல்லை, கணுக்கால்தான். போய்ப் பார்த்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

ரயிலடி பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பேசினேன். ஒன்றரை மணிக்குள் கொண்டுவந்தால் அறுபது பேருக்கான சோறும் குழம்பும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆக, சோறு கொஞ்சம் மிஞ்சினால் போக ஓர் இடம் இருக்கிறது. குறைந்தால் அக்காவுக்குப் போக இடமில்லை. இரண்டும் ஒரே அளவு தப்பில்லை என்பது இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அன்றைக்கு நான் சரியான எண்ணைச் சொல்வதிலேயே குறியாக இருந்தேன். தப்பினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

இதை இந்திராணியிடம் சொன்னேன். நல்ல வேலை செய்தீர்கள் சார் என்றார். சார் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

நவம்பர் 27, வியாழன்

கடலில் காற்றழுத்தம் என்று டிவியில் ஒரே சத்தம். சனி, ஞாயிறு கனமழையாம். அத்தான் போன் செய்து, என்ன மாப்பிள்ளை, வருணபகவானையும் உங்கள் கணக்கில் சேர்த்தாயிற்றா என்றார். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

லட்டு பிடித்தாயிற்று.

நவம்பர் 29, சனி

விடாமல் பெய்கிறது. மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு இருநூறு பேர் எதிர்பார்த்தோம், எண்பது பேர். நல்லவேளை, இட்லி ஊற்ற ஊற்றத்தான் என்பதால் ஒன்றும் வீணாகவில்லை. அத்தான் என்னைப் பார்க்கிற போதெல்லாம் எதையோ சொல்ல வந்து விழுங்கினார்.

நவம்பர் 30, ஞாயிறு (மாலை)

காலும் முதுகும் விட்டுப்போய்விட்டன. ஆனாலும் எழுதாமல் படுக்க மாட்டேன்.

காலை ஆறுக்கே மண்டபத்தில் நின்றேன். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காலைப் பலகாரத்துக்கு முந்நூறு பேர் என்று வைத்திருந்தோம். எட்டே முக்காலுக்கு எண்ணினேன், நூற்றுப் பதினெட்டு. அத்தான் வந்து நான்கு அண்டாவும் போடச் சொன்னார். பெண்ணைப் பெற்றவன், இந்தத் தடவை குறைந்தால் எனக்கு மானம் போய்விடும் என்றார். அடுத்த நிமிஷம் சம்பந்தி வந்து, எங்கள் பஸ்ஸிலேயே பாதி காலி, இரண்டு அண்டா போதும், சோற்றைக் குப்பையில் கொட்டினால் புதுத் தம்பதிக்கு நல்லதில்லை என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். இருவருமே பயந்திருந்தார்கள். நானும்தான்.

அப்போதுதான் எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. வயல் முழுவதையும் எண்ணவா செய்தோம்? பட்டியலை எடுத்து, இருபது பேருக்கு ஒரு பெயராகக் கோடு போட்டு, அக்கா வீட்டுப் பெண்கள் சிலரை உட்கார வைத்து இருபது வீடுகளுக்குப் போன் போடச் சொன்னேன். மூன்று வீட்டார் கிளம்பிவிட்டார்கள். நான்கு வீட்டார் வரவில்லை. மீதிப் பதின்மூன்று வீட்டாரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள்: மழை விட்டதும் கிளம்புகிறோம், தாலி கட்டும்போது இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம்.

ஆக, எண்ணிக்கை மழையின் கையில். விடாவிட்டால் முந்நூறு பேர், விட்டால் எழுநூறு பேர்.

இரண்டு அண்டா போடச் சொல்லி அனுப்பினேன். மூன்றுக்கும் நான்குக்கும் அரிசியைக் களைந்து ஊறவைத்து, உலைநீரைக் கொதியிலேயே வைத்திருக்கச் சொன்னேன். பதினொன்றுக்கு முதல் பந்தி. அதற்கு முக்கால் மணி முன்னால், அதாவது பத்தே காலுக்குள் மற்றதைச் சொல்லியாக வேண்டும்.

பத்துக்குத் தாலி கட்டினார்கள். கெட்டிமேளம் கேட்டதே தவிர நான் பார்க்கவில்லை. போர்ட்டிகோவில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து ஐந்துக்கு மழை தூறலாக மாறியது. விடுகிறதா, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பிடிக்கப் போகிறதா? யாருக்குத் தெரியும்! சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. எனக்கு வாய் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. எதிரே அக்கா பட்டுப்புடவையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு நிமிஷம் அப்படியே நின்றிருக்கிறேன்.

அடுப்படியை விட்டு வெளியே வராத இந்திராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, “தப்பா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லிடுங்க. கூடினா நான் சமாளிச்சுக்குவேன், குறைஞ்சாலும் சமாளிச்சுக்குவேன். நீங்க சொல்லாம நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

மூன்று முழுதாக, நான்காவது பாதி என்றேன். சொன்னதும் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மிஞ்சினால் முதியோர் இல்லம் இருக்கிறது, குறைந்தால் ஒன்றுமில்லை, அதனால் தூறலிலேயே சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

பத்து இருபத்தைந்துக்கு வெயிலே அடித்தது. பதினொன்றுக்கு ஊரே வந்து நின்றது. ஆட்டோ, வேன், மூன்று பேர் ஏறிய பைக், சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பங்காளிகள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளும் வந்துவிட்டார்கள். மூன்றாம் பந்தியில் பீன்ஸ் பொரியல் தீர்ந்தது. உடனே உருளைக்கிழங்கை வதக்கி அனுப்பினார் இந்திராணி, அதைத்தான் எல்லாரும் இரண்டாம் தடவை கேட்டார்கள். கடைசிப் பந்தி எழுந்தபோது எண்ணினேன். அறுநூற்று அறுபத்தொன்று. ஒருவர்கூட வெறும் இலை முன்னால் உட்காரவில்லை. மிஞ்சிய நாற்பது பேர் சோறு ஒன்றேகாலுக்கு ரயிலடி போய்ச் சேர்ந்தது.

அத்தான் வந்து என் தோளில் கை வைத்தார். பிறகு வந்தவர்களை வழியனுப்பப் போய்விட்டார். அக்கா என் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். எல்லாரும் சாப்பிட்டாங்களாடா என்று மறுபடி மறுபடி கேட்டாள். சாப்பிட்டாங்க அக்கா என்றேன். ரசத்தைப் பிசைந்துகொண்டே அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. பரிமாறிய பெண் எங்கள் இருவரையும் பார்த்து, ரசத்தில் மிளகு அதிகமோ என்று பதறிப்போனாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்த இந்திராணியிடம் போய், பார்த்தீர்களா என் கணக்கை என்று ஆரம்பித்தேன். அவர் வேலையை நிறுத்தாமல், “மழை விட்டது உங்க கணக்கா? அது நம்ம நல்ல காலம். நீங்க சொன்னது நல்ல வார்த்தை. மழை விடாம சோறு மிஞ்சியிருந்தாலும் அது நல்ல வார்த்தைதான்” என்றார்.

இந்த மாதிரி யாரும் என்னைப் பாராட்டியதில்லை. ஜெயித்ததற்காக இல்லாமல்!

டிசம்பர் 2, செவ்வாய்

புதுத்தெருவுக்குப் போக ஒரு வேலையும் இல்லை. ஒட்டடை அடித்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

அக்கா வீட்டுப் பாத்திரத்தோடு இந்திராணியுடைய கரண்டி ஒன்று கலந்து வந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தேன். தன்னுடையதில்லையே என்றார். திரும்ப எடுத்து வந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

பட்டுக்கோட்டையிலிருந்து சுடர்விழி போன் செய்தாள். நலம் விசாரித்துவிட்டு, “மாமா, இந்த வாரம் என்ன சாக்கு?” என்றாள். எதற்கு என்று கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். கல்யாணம் ஆனதும் வாய் நீண்டுவிட்டது.

டிசம்பர் 7, ஞாயிறு

மறைத்து என்ன ஆகப் போகிறது, இது என் நோட்டுதானே. ஒழுங்காகவே எழுதுகிறேன்.

எனக்கு இந்திராணியைப் பிடித்திருக்கிறது. எனக்கு அறுபது, அவருக்கு ஐம்பத்து நான்கு. என் மனைவி வடிவு போய் ஆறு வருஷம். அவள் இருந்தவரை அவளைத் தவிர யாரும் எனக்குத் தோன்றியதில்லை. இதைச் சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், இவ்வளவு நாள் எதற்கு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தயிர்சாதம் தின்றீர் என்றுதான் திட்டுவாள்.

என்னைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியாது. அவருக்கு என்னைப் பிடிக்குமா, வாடிக்கையாளர் என்பதால் காபி தந்தாரா, தெரியாது. ஊர் என்ன பேசும், தஞ்சாவூரில் இருக்கும் அவர் மகன் என்ன நினைப்பான், தெரியாது. இல்லை என்று சொல்லிவிட்டால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு கொஞ்ச நாள் கிடப்பேன், பிறகு எழுந்துவிடுவேன். கேட்காமலே இருந்தால் எழ மாட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதற்குமேல் தெரிந்துகொள்ள யாருக்கும் போன் போட முடியாது.

நாளைக் காலை கேட்கிறேன். பதில் எப்படி வந்தாலும், கேட்டது சரி என்று இன்றைக்கே எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே மாற்றிப் பேசக் கூடாது.

டிசம்பர் 8, திங்கள்

கேட்டேன்.

கூடத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நல்லவேளை, வேறு யாரும் இல்லை. ஒரு சாக்கும் சொல்லாமல் நேராகக் கேட்டேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. மகனிடம் பேச வேண்டும், தானும் யோசிக்க வேண்டும், இரண்டு நாள் கொடுங்கள் என்றார். தாராளமாக என்றேன். கிளம்பும்போது, காபி குடிக்காமல் போகிறீர்களே என்றார். குடித்தேன். அவரும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

டிசம்பர் 9, செவ்வாய்

ரேஷனில் சர்க்கரை வாங்கினேன். வேறொன்றும் இல்லை. நாள் நகரவே மாட்டேன் என்கிறது.

டிசம்பர் 10, புதன்

சரி என்று சொல்லிவிட்டார். அழுகை அழுகையாக வருகிறது, எழுத்துத் தெரியவில்லை.